நீர்வண்டுகளின் தடத்தில் – 4: வயிற்றுப் பக்கம் இருக்கும் அடையாளம்

டைடிஸ்கஸ் பேரினத்தில் பிரிட்டனில் ஆறு இனங்கள் வாழ்கின்றன. பெரும்பாலும் 3 சென்டிமீட்டரை ஒட்டிய நீளமும் கரும்பச்சையோ கருப்போ படர்ந்த முதுகும் ஓரத்தில் மஞ்சள் கரையும் இந்த வண்டுகளுக்குப் பொது. மேலிருந்து பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே பெயரில் எழுதி வைப்பது சுலபம். பழைய குறிப்பேடுகள் பலவற்றில் நடந்ததும் அதுதான். இனத்தைப் பிரித்துச் சொல்லும் அடையாளங்களில் முக்கியமானவை வயிற்றுப் பக்கம் இருக்கின்றன. ஓர் இனத்தைத் தவிர, வண்டைப் புரட்டாமல் பெயர் சொல்லக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

பயணத்தின் இந்தப் பகுதி கேம்பிரிட்ஜுக்கு வடகிழக்கே உள்ள விக்கன் ஃபென்னில் தொடங்குகிறது. கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் சதுப்புகள் 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் கார்னீலியஸ் வெர்மாய்டனின் திட்டப்படி வடிக்கப்பட்டு வயல்களாயின. எஞ்சிய துண்டுகளில் ஒன்று விக்கன் ஃபென். 1899இல் நேஷனல் டிரஸ்ட் இங்கே முதல் நிலத்தை வாங்கியது. கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த காலத்தில் சார்லஸ் டார்வின் வண்டு சேகரிப்பில் தீராத பித்துக் கொண்டிருந்த வட்டாரமும் இதுவே. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் அனுமதி பெற்றே வாய்க்காலில் வலை போட முடியும்.

வலையில் ஏறும் பெரிய கருவண்டு எல்லாம் டைடிஸ்கஸ் ஆகிவிடாது. அதே வாய்க்கால்களில் ஹைட்ரோஃபிலஸ் பிசியஸ் என்ற, அதைவிடப் பெரிய வண்டும் உண்டு. அதன் உணர்கொம்பு குட்டையானது, நுனி தடித்தது. டைடிஸ்கஸின் உணர்கொம்போ நூல் போல நீண்டது. நீரில் இருக்கும்போதே இரண்டையும் பிரித்துவிடலாம். டைடிஸ்கஸ் பின்கால் இரண்டையும் ஒரே நேரத்தில் துடுப்பாக வீசும். வயிற்றின் பின்முனையை மேலே நீட்டி, இறக்கை உறைக்கு அடியில் காற்றை நிரப்பிக்கொள்ளும். ஹைட்ரோஃபிலஸ் கால்களை மாற்றி மாற்றி அடிக்கும். காற்றுக்குத் தலையை மேலே கொண்டுவரும்.

அடுத்து ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டும். ஆணின் முன்காலில் பாதக் கணுக்கள் மூன்று விரிந்து வட்டத் தட்டாகியிருக்கும். அதன் அடியில் பெரிதும் சிறிதுமாக ஒட்டுறிஞ்சிகள். இணையும்போது பெண்ணின் வழுக்கும் முதுகைப் பற்றிக்கொள்ள உதவுவது இத்தட்டு. பெண்களின் இறக்கை உறையில் பெரும்பாலும் நீளவாக்கில் பள்ள வரிகள் ஓடும். ஆனால் சில இனங்களில் வரியுள்ள பெண்களும் ஆணைப் போலவே வழவழப்பான பெண்களும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே வரியை மட்டும் நம்பி இனத்தைச் சொல்ல முடியாது.

இனம் தேடும்போது முதலில் முன்மார்புத் தகட்டைப் பார்க்கலாம். தலைக்குப் பின்னாலுள்ள அந்தத் தகட்டின் நான்கு பக்கமும் மஞ்சள் கரை தெளிவாக இருந்தால் மார்ஜினாலிஸ், சர்கம்ஃப்ளெக்ஸஸ், சர்கம்சிங்டஸ், லாப்போனிகஸ் ஆகிய நான்கில் ஒன்று. பக்கவாட்டில் மட்டும் அகலக் கரை இருந்து, முன்னும் பின்னும் இல்லாமலோ மங்கியோ போனால் டிமிடியேட்டஸ் அல்லது செமிசல்கேட்டஸ். இவ்விரண்டையும் பிரிக்க ஒரு புரட்டல் போதும்: செமிசல்கேட்டஸின் வயிறு கருப்பு, டிமிடியேட்டஸின் வயிறு மஞ்சள் கலந்த செம்பழுப்பு. டிமிடியேட்டஸ் பிரிட்டனின் டைடிஸ்கஸ்களிலேயே பெரியது, 38 மில்லிமீட்டர் வரை வளரும். ஃபென் வாய்க்கால்களிலும் தென்மேற்கே சாமர்செட் தாழ்நிலங்களிலும் அது வாழ்கிறது.

முதல் நான்கைப் பிரிப்பதுதான் கடினம், சுவையும் அங்கேதான். வண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பக்கவாட்டில் பிடித்து மல்லாத்த வேண்டும். கடிக்கும், மார்புச் சுரப்பியிலிருந்து பால் போன்ற நீரும் வரும். பின்கால்கள் உடலோடு சேரும் இடத்தில் நடுக்கோட்டின் இருபுறமும் இரண்டு முனைகள் பின்னோக்கி நீண்டிருக்கும். மார்ஜினாலிஸில் அவை குட்டையானவை, மழுங்கியவை. வயிறு முழுக்க மஞ்சள். சர்கம்ஃப்ளெக்ஸஸில் அவை முள்ளாகக் கூர்ந்திருக்கும், அசட்டையாகப் பிடித்தால் விரலில் குத்தும். வயிற்றின் மஞ்சளில் கண்டத்துக்குக் கண்டம் கருங்கோடுகள் தெரியும். இவ்வினத்தை உவர்நீர் கலந்த கடலோரக் குட்டைகளிலும் கல் தோண்டிய பள்ளங்களிலும் தேடலாம்.

சர்கம்சிங்டஸுக்கும் முனை கூர்மைதான். அதன் வயிற்றில் கருங்கோடு இல்லை. கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம் முழுதாக ஓடும். பிரிட்டனில் அது அரிது; நார்ஃபோக் நீர்நிலைகளில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம். அந்த வளையத்தைப் பார்க்க நல்ல கைலென்ஸ் வேண்டும்.

நிறத்தை எப்போதும் இரண்டாம் சாட்சியாகவே கொள்ள வேண்டும். கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டு வெளிறியிருக்கும். சாராயத்தில் பல ஆண்டு கிடந்த மாதிரியில் மஞ்சள் பழுப்பாகிவிடும். முனையின் வடிவம் அப்படி மாறாது. ஃபிராங்க் பால்ஃபர்-பிரவுன் 1940 முதல் 1958 வரை மூன்று தொகுதிகளாக எழுதிய பிரிட்டிஷ் நீர்வண்டு நூலும், லாரி ஃபிரைடே 1988இல் வெளியிட்ட இனம்காண் கையேடும் இந்த வேலைக்கு இன்றும் துணை.

தமிழ்நாட்டுக் குளங்களில் இந்தப் பேரினம் இல்லை. டைடிஸ்கஸ் வட அரைக்கோளத்தின் குளிர்ப் பகுதிகளுக்கு உரியது. நம் ஏரிகளில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது சிபிஸ்டர். உடல் நடுவுக்குப் பின்னால் அகன்றும் முன்னால் குறுகியும் இருப்பதால் அதை எளிதில் அறியலாம்.

ஆறாவதான லாப்போனிகஸுக்காகப் பயணம் வடக்கே திரும்புகிறது. ஸ்காட்லாந்தின் மேற்கு மலைப் பகுதிகளில், மீன் இல்லாத சிறு ஏரிகளில் அது வாழ்கிறது. ஆறில் மெலிந்த இனங்களுள் ஒன்று, முனைகள் கூர்மையானவை. இறக்கை உறையில் நெருக்கமாக ஓடும் மெல்லிய மஞ்சள் கோடுகள் அதற்கு மட்டும் உரியவை. ஆறிலும் முதுகைப் பார்த்தே நம்பிப் பெயர் எழுதக்கூடியது இது ஒன்றுதான்.