உதைத்த காலிலேயே

பெப்ரவரி 2, ஹமில்டன், கனடா

அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வீட்டில் ஒன்றும் ஒழுங்கில்லை. ஆஸ்பத்திரி, வேலை, திரும்பவும் ஆஸ்பத்திரி. சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததாம். இரவுத் தாதி என்ன கேட்டாலும் அம்மா "யெஸ், தாங்க்யூ" என்கிறா. நோகுதா என்று கேட்டாலும் அதுதான். பிறகு விடிய நாலு மணிக்கு எனக்கு போன்: "பிள்ளை, எப்ப வீட்டை போறது?"

பெப்ரவரி 5

பனி. பஸ் இல்லை. போகவில்லை.

பெப்ரவரி 8

ஆர்க்டிக் வாழ்க்கை பற்றிய கண்காட்சிக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட வேலைக்கு அவனுக்கு அது தேவை. எனக்கு ஆஸ்பத்திரி மணம் இல்லாத ஓரிடம் தேவை.

முதலில் கண்ணில் பட்டது குல்லிக் விளக்கு. மாக்கல்லில் குடைந்த அரைவட்டத் தட்டு. சீல் கொழுப்புத்தான் எண்ணெய், பாசியும் பருத்திப்புல்லும் திரி. வெளிச்சம், சூடு, சமையல், ஈரச்சட்டை காய்வது எல்லாம் அந்த ஒன்றிலேதான். அதைக் காத்தது பெண்கள்.

மகன் அங்கே நிற்கவில்லை. விளையாட்டுப் பகுதியில் கம்பமொன்றிலிருந்து சீல்தோல் பந்து தொங்கிக்கொண்டிருந்தது. வடக்கே இக்கலூயிட்டிலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி செய்துகாட்டினாள். இரண்டு காலாலும் எம்பி, ஒரு காலால் பந்தைத் தொட்டு, தொட்ட அதே காலில் இறங்கித் தள்ளாடாமல் நிற்கவேண்டும். தேர்ந்த ஆண்கள் ஒன்பது அடிக்கு மேலே உதைப்பார்களாம். உதைப்பது பெரிய காரியமாக எனக்குத் தெரியவில்லை. இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு காலையும் சேர்த்து உதைக்கும் ஆட்டத்துக்கு ஒரு கதை உண்டு. வேட்டை கிடைத்தால் ஒருவன் ஊரை நோக்கி ஓடிவருவான். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் எம்பி இரு காலையும் உயர உதைப்பான். ஊர் புரிந்துகொண்டு கத்தியோடு புறப்படும். முட்டிபோட்டபடி முன்னே பாய்கிற ஆட்டம், பனிக்கட்டி வெடித்துப் பிளக்கும்போது விலகப் பழகுவதற்காம். எதிரெதிரே இருந்து ஒரே நூலைக் காதில் மாட்டி இழுக்கும் ஆட்டம் குளிரின் வலியைத் தாங்கப் பழக்குமாம். இருக்கலாம். மாதக்கணக்கில் சூரியன் இல்லாத இடத்தில், ஒரே பனிவீட்டுக்குள் இத்தனை பேர் இருந்தால், சிரிக்கவும் ஒன்று வேண்டும்தானே. ஓட இடமில்லாததால் மேலே எம்பியிருக்கிறார்கள்.

மகனும் உதைத்துப்பார்த்து விழுந்தான். அந்தப் பெண் பக்கத்தில் குந்தியிருந்து, கண்ணைப் பந்திலிருந்து எடுக்காதே என்றாள். போட்டியிலும் அப்படித்தானாம், எதிராளிக்கு எங்கே பிழைக்கிறது என்று மற்றவர்களே சொல்லிக்கொடுப்பார்கள்.

பெப்ரவரி 11

கண்காட்சிக்குத் தனியாகத் திரும்பவும் போனேன். அன்றைக்குக் கடைசி மூலையை அவசரத்தில் தாண்டிவிட்டோம்.

ஹமில்டன் மலையில் இருந்த காசநோய் சானட்டோரியத்தின் படங்கள். எத்தனை வருசமாக அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறேன்! 1950களில் 'சி. டி. ஹவ்' என்ற கப்பல் வடக்கே போய் ஆர்க்டிக் கரையோர மக்களை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தது. நோய் தெரிந்தால் பலரைக் கரைக்கு இறங்கி விடைபெறவும் விடவில்லை. அப்படியே தெற்கே. இந்த ஊருக்கு மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் வந்தார்கள். தாதிமார் பேசுவது அவர்களுக்கு விளங்காது. அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த வட்டத் தகடு கொடுத்திருந்தது. பதிவேட்டில் அதுதான் ஆள். கட்டிலில் படுத்தபடி கல்லில் கரடியும் சீலும் செதுக்கியிருக்கிறார்கள். இறந்துபோனவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று பல குடும்பங்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை. 2019 மார்ச்சில் அப்போதைய பிரதமர் ட்ரூடோ இக்கலூயிட்டுக்குப் போய் இதற்காக மன்னிப்புக் கேட்டார். கல்லறைகளை இன்னமும் தேடுகிறார்கள்.

ஒரு படத்தில் கட்டிலில் இருக்கும் கிழவி கமராவைப் பார்த்துச் சிரிக்கிறா. யாரோ சிரிக்கச் சொல்லியிருக்கவேண்டும்.

பெப்ரவரி 12

அம்மாவின் தலைமாட்டுப் பலகையில் கட்டில் எண்ணும் "விழக்கூடும்" என்ற எச்சரிக்கையும் மட்டும்தான். கீழே அவவின் பெயர், ஊர், பிள்ளைகள், தமிழ் மட்டுமே தெரியும் என்பது எல்லாம் எழுதி ஒட்டினேன். 'நோகுது' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினேன். பேனை மை இறங்கவில்லை, இரண்டு தரம் அழுத்தவேண்டியிருந்தது.

பெப்ரவரி 19

நல்ல நாள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றா. மகன் உற்சாகத்தில் வார்டு நடையிலேயே உதைத்துக் காட்டினான். "டேய், நீயும் முறிச்சுப்போடாதை. இஞ்சை நான் ஒராள் காணும்!" பக்கத்துக் கட்டில் இத்தாலிய அம்மாவும் சிரித்தா, என்ன விளங்கியதோ.

பெப்ரவரி 23

அம்மா சாப்பிடவில்லை. குளிசையையும் துப்பிவிட்டா. நான் சத்தம் போட்டேன்.

மார்ச் 3

சமூகப் பணியாளரோடு கூட்டம். வீட்டில் படி அதிகம், பகலில் ஆள் இல்லை, முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பிப்பது நல்லது என்கிறார். நல்ல மனுசிதான். தமிழ் கதைக்கிற ஆக்கள் இருக்கிற இடம் ஸ்காபரோவில், காத்திருக்கவேண்டும். இங்கே உடனே கிடைக்கலாம். அம்மாவிடம் கேட்டீர்களா என்றேன். "கேட்டோம், யெஸ் என்றார்."

தம்பி லண்டனிலிருந்து, "கையெழுத்தைப் போடு அக்கா, பிறகு பாப்பம்" என்கிறான். எது பிறகு என்று அவனும் சொல்லவில்லை.

மார்ச் 4

படிவம் கைப்பையில் கிடக்கிறது. அம்மாவுக்கு ஒடியல் கூழ் வேண்டுமாம், நண்டு போட்டு. வார்டு முழுக்க மணக்கும். தாதியைக் கேட்டுப்பார்க்கவேண்டும்.