ஆவடியில் பழகிய காது

டச்சு மொழி எனக்குச் சீக்கிரம் பிடிபட்டதற்கு ஆங்கிலம்தான் காரணம் என்று ஐன்ட்ஹோவனில் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆங்கிலமும் உதவியதுதான். ஆனால் அதைவிட அதிகம் உதவியது ஆவடி.

கனரக வாகனத் தொழிற்சாலை 1960களில் ஆவடிக்கு வந்தபோது அதோடு சேர்ந்து குடியிருப்புகளும் வந்தன. நாலு திசையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எங்கள் வரிசையில் மாடியில் பாலக்காட்டுக் குடும்பம், எதிர்வீட்டில் நெல்லூர்க்காரர். குழாயடியில் மாடிவீட்டுச் சேச்சி மலையாளத்தில் கேட்பார், அம்மா தமிழில் பதில் சொல்வார். இத்தனை வருடப் பழக்கத்தில் இருவருமே தங்கள் மொழியை விட்டுக் கொடுத்ததில்லை, பேச்சும் ஒருநாள்கூட நின்றதில்லை. சேச்சி “வெள்ளம் வந்நோ?” என்றால் ஏரி உடைந்துவிட்டதா என்று யாரும் பதறுவதில்லை, குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்றுதான் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். திருத்தணி லோக்கலில் ஏறினால் அரக்கோணம் தாண்டுவதற்குள் பாதிப் பெட்டி தெலுங்கு பேச ஆரம்பித்துவிடும். பெங்களூர் ரோட்டில் வரும் லாரிக்காரர்களின் கன்னடத்தைப் பூந்தமல்லி டீக்கடைகளில் கேட்கலாம். பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து, பல் ஹல்லு. சொல்லின் தொடக்கத்தில் நாம் ‘ப’ சொல்லும் இடத்தில் கன்னடக்காரர் ‘ஹ’ சொல்வார் என்பதை இலக்கணப் புத்தகம் பார்க்காமலேயே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்தக் காதோடுதான் நான் ஐரோப்பாவுக்கு வந்தேன். ஐன்ட்ஹோவனிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம் போனால் வென்லோ. அதைத் தாண்டினால் ஜெர்மனி. வார இறுதியில் ஜெர்மானியர்கள் எல்லை தாண்டி அங்கே கடைக்கு வருவார்கள். மீன் விற்பவர் ஒரு வாடிக்கையாளரிடம் டச்சில் பேசிவிட்டு அடுத்தவரிடம் ஜெர்மனுக்குத் தாவுவார். நின்று கேட்டால் ஹாலு, ஹுலி ஞாபகம் வராமல் இருக்காது. பத்துக்கு டச்சில் டீன், ஜெர்மனில் ட்ஸேன். தண்ணீர் டச்சில் வாட்டர், ஜெர்மனில் வாஸர். ஆப்பிள் டச்சில் அப்பெல், ஜெர்மனில் அப்ஃபெல். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனின் தென்பகுதிப் பேச்சில் ட, ப, க ஒலிகள் இப்படி இளகத் தொடங்கின. டச்சும் ஆங்கிலமும் பழைய ஒலியிலேயே நின்றுவிட்டன. வெள்ளத்துக்கும் இங்கே ஓர் உறவு உண்டு: டச்சில் ‘மேர்’ ஏரி, ‘ஸே’ கடல். ஜெர்மனில் ‘மேர்’ என்றால் கடல்; ‘ஸே’ ஆண்பாலில் வந்தால் ஏரி, பெண்பாலில் வந்தால் கடல். எல்லையோரத்து டச்சுக்காரர்கள் இதைக் கேட்டுக் குழம்புவதே இல்லை, எங்கள் குழாயடிப் பெண்களைப் போல.

ஆனால் என்னை நிற்க வைத்தது தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ். எங்கள் ஆபீசில் பிரிட்டோரியாவிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறார். ‘நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், அவன் இருக்கிறான், நாம் இருக்கிறோம்’ என்பதற்கு டச்சுக்காரர் ‘இக் பென், யெய் பென்ட், ஹெய் இஸ், வெய் ஸெய்ன்’ என்று நாலு வடிவம் வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு எல்லாமே ‘இஸ்’: எக் இஸ், யெய் இஸ், ஹெய் இஸ், ஓன்ஸ் இஸ். முதன்முதல் கேட்டபோதே சேச்சியின் குரல் காதில் வந்தது. நாம் வந்தேன், வந்தாய், வந்தான் என்று விகுதி மாற்றி மாற்றிச் சொல்ல, மலையாளம் ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு என்று முடித்துக்கொள்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்களில், ஒவ்வொன்றிலும் ஒரு மொழி தன் வினைச்சொல்லின் வாலை அதே விதமாகக் கழற்றிப் போட்டிருக்கிறது.

டச்சு நண்பர்கள் பலருக்கு ஆப்பிரிக்கான்ஸைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. மழலை மாதிரி இருக்கிறதாம். சிரிப்பில் விஷம் இல்லை, ஆனாலும் எனக்கு அது பிடிப்பதில்லை. கேப் நகரத்து மேட்டுக்குடியினர் ஒரு காலத்தில் இந்த மொழியை ‘அடுக்களை டச்சு’ என்றுதான் இளக்காரமாக அழைத்தார்கள். நம் பக்கமும் இந்த நோய் உண்டு. 2025இல் சென்னையில் நடந்த சினிமா விழாவில், தமிழிலிருந்து பிறந்ததுதான் கன்னடம் என்று கமல்ஹாசன் சொல்லப்போய், அவர் படம் கர்நாடகத்தில் வெளியாகாமலே போனது. கன்னடம் தமிழின் மகள் அல்ல. இரண்டும் ஒரே பழைய தாயின் பிள்ளைகள். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் சென்னையிலேயே எல்லிஸ் எழுதினார், 1856இல் கால்டுவெல் அதை விரித்து எழுதினார். ஆப்பிரிக்கான்ஸோ டச்சிலிருந்தே பிறந்தது, அதற்குச் சான்றும் இருக்கிறது. ஆனால் மகள் என்று நிரூபித்துவிட்டால் மட்டும் அவள் குறைந்தவள் ஆகிவிடுவாளா?

அவளை வளர்த்தவர்கள் யார் என்று பார்த்தால் கதை நம் வாசலுக்கே வருகிறது. ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் பழவேற்காடு இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கு அதைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டது. துணி மட்டுமல்ல, மனிதர்களும் அங்கிருந்து கப்பலேறினார்கள். பஞ்சத்தில் விற்கப்பட்டவர்கள் பத்தேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, போனார்கள். 1652இல் கேப் குடியேற்றம் தொடங்கியபின் அங்கே கொண்டுவரப்பட்ட அடிமைகளில் நம் கரைக்காரர்களும் இருந்தார்கள். வங்காளம், மலபார், மலாய்த் தீவுகள், மடகாஸ்கர், மொசாம்பிக் என்று பல இடத்துச் சனங்கள், எஜமானின் டச்சை அடுக்களையிலும் தோட்டத்திலும் தங்கள் வாய்க்கு ஏற்றபடி பேசினார்கள். ஆடுமாடு மேய்த்த கோய்கோய் மக்களும் சேர்ந்தார்கள். ஆப்பிரிக்கான்ஸ் உருவானதில் இவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. கேப் முஸ்லிம்கள் மதரசாவில் இதை அரபு எழுத்தில் எழுதினார்கள். அபூபக்கர் எஃபெண்டியின் மார்க்கநூல் ஒன்று அப்படி எழுதப்பட்டு 1877இல் இஸ்தான்புல்லில் அச்சானது. தென்னாப்பிரிக்க அரசாங்கம் இதை ஆட்சிமொழியாக ஏற்க 1925 ஆனது. பிரிட்டோரியாப் பெண் தன் பாட்டி வீட்டுக் ‘காட்டெல்’ பற்றி ஒருநாள் சொன்னார். பழைய மரக்கட்டில்தான். போர்ச்சுக்கீசியர், மலாய்க்காரர் வாயில் புகுந்து கேப்புக்குப் போன நம் கட்டில் அது.

ஆனால் அதே மொழியை ஆட்சியாளர்கள் பிரம்பாகக் கையில் எடுத்தார்கள். பள்ளியில் பாதிப் பாடங்களை ஆப்பிரிக்கான்ஸில்தான் படிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்து 1976 ஜூன் 16 அன்று சோவேட்டோவில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், போலீஸ் சுட்டது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். வெறுக்கப்பட வேண்டியது அந்தக் கட்டாயம். அதற்காக, அடிமைகளும் சேர்ந்து உண்டாக்கிய மொழியை வெள்ளையருக்கே எழுதிக் கொடுத்துவிடுவது அநியாயம். இன்றைக்கு அதைத் தாய்மொழியாகப் பேசுவோரில் பாதிக்கு மேல் வெள்ளையர் அல்லாதவர்கள்.

ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெண்ணும் டச்சுக்காரர்களும் வெகுகாலம் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆளுக்கு அவரவர் மொழியிலேயே பேசுங்களேன் என்று கேட்டேன். சுவீடன்காரரும் நார்வேக்காரரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள், எங்கள் குழாயடியிலும் அப்படித்தான். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நடக்கிறது. வேகம் குறைந்தால் போதும், முக்கால்வாசி புரிந்துவிடுகிறது. மீதிக்குக் கை இருக்கிறது.

அடுத்த ஜனவரியில் அந்தப் பெண் சென்னைக்கு வருகிறார். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, கற்களில் செதுக்கிய பழைய டச்சு எழுத்தைத் தன் ஆப்பிரிக்கான்ஸை வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும் என்கிறார். வழி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல், பொன்னேரியில் இறங்கி பழவேற்காடு பஸ். முதல் நாள் ஆவடியில் எங்கள் வீட்டில் தங்கல். அம்மாவிடம் சொன்னபோது, “தமிழ் தெரியாதா? பரவாயில்லை, அந்தப் பொண்ணு அது பாஷையில பேசட்டும், நான் என் பாஷையில பேசறேன்” என்றார்.