கல்லைப் புரட்டிப் பாருங்கள்

ஆற்றுநீர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் குனிந்து அதன் நிறத்தையே நோக்குவர். மழைநாளில் எந்த ஆறும் கலங்கும். பளிங்குபோல் தெளிந்த நீரிலும் நஞ்சு கரைந்திருக்கக் கூடும்.

ஏலமலையின் மேற்குச் சரிவில் பொழியும் மழை கேரளத்திற்குச் செல்கிறது. கிழக்குச் சரிவின் ஓடைகளோ குரங்கணி, கொட்டகுடி வழியாகப் போடிநாயக்கனூரை நாடி வருகின்றன. தோட்டத்தில் தெளித்த பூச்சிமருந்து அடுத்த மழையில் ஓடைக்குள் இறங்கி, சில மணி நேரத்தில் கடந்தும் போய்விடலாம். மறுநாள் புட்டியில் முகந்த நீரில் அதன் சுவடு அகப்படாது. ஆனால் கல்லுக்கடியில் மாதக்கணக்கில் வாழும் சிற்றுயிர்கள் அந்த ஒரு நாளிலேயே மாண்டிருக்கும்.

ஆகவேதான் அறிஞர்கள் அவ்வுயிர்களைக் கணக்கெடுக்கின்றனர். பிரிட்டனில் வகுத்த முறையில், நன்னீரை நாடும் கல்பூச்சி இனங்கள் பலவற்றுக்குப் பத்து மதிப்பெண்; சேற்றில் நெளியும் புழுக்களுக்கு ஒன்றே ஒன்று. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதனை இந்திய ஆறுகளுக்கேற்ப மாற்றிக்கொண்டுள்ளது. மணலையும் இலைத்துணுக்கையும் ஒட்டித் தனக்கொரு கூடு கட்டிக்கொள்ளும் புழுவொன்றும் இக்கணக்கில் உண்டு. அதைக் கண்ட சிறுவர் எளிதில் மறவார்.

உயிர் வாழ வீடு வேண்டுமன்றோ? அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் 1999இல் வெளியிட்ட முறை, ஆற்றின் வீட்டையே பத்துக் கூறுகளாய் நோக்கி 200 மதிப்பெண் வரை வழங்குகிறது. கற்களின் இடுக்குகளை வண்டல் அடைத்துள்ளதா? கரை சரிகிறதா? கரையோர மரஞ்செடிகள் 18 மீட்டருக்கு மேல் அகன்றிருந்தால் முழு மதிப்பு. நிழலில் வளரும் ஏலம் இதில் ஓரளவு நமக்குத் துணை. நிழல்மரங்களை அளவின்றிக் கழிக்கும் தோட்டத்திலோ மழை மண்ணை வாரிவந்து இடுக்குகளை மூடிவிடும். இடுக்கு மூடினால், நீர் எவ்வளவு தூயதாயினும் பூச்சிக்குக் குடியிருப்பில்லை.

அயல்நாட்டு எண்களை அப்படியே வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. கோடையில் சுருங்கிவிடும் கொட்டகுடி ஆற்றை, மழைக்குப் பின் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் பார்ப்பதே முறை.

நம் பங்கு இளைஞர் ஊருக்கு மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும், ஓட்டமும் ஆழமும் ஒத்த பகுதியாகப் பார்த்து, ஒரே நாளில் பத்துப் பத்துக் கற்களைப் புரட்டி எழுதி வைக்கலாம். கல்லைப் பழையபடியே வைத்துவிட வேண்டும். மேலே கூடு கட்டும் புழுக்கள் இருந்து, கீழே ஒன்றும் இல்லையெனில், இடையில் எந்தச் சாக்கடை சேர்கிறது, எங்கே கரை வெட்டப்பட்டது என்று கரையோரமாக நடந்து பார்க்க வேண்டியதுதான்.