கறுப்புப் பூசிய கீரவாணி

போன மாதம் லண்டன் ஹரோவில் ஒரு வயலின் அரங்கேற்றம். தில்லானா முடிந்து, எல்லாரும் மங்களத்துக்குக் காத்திருந்த நேரத்தில், பிள்ளை மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு றோலிங் ஸ்ரோன்ஸின் ‘பெயின்ற் இற் பிளாக்’கை எடுத்தாள். 1966இல் வந்த பாட்டு. அதன் மெட்டில் கீரவாணியின் சாயல் இருக்கிறது. அவள் முதலில் கீரவாணியை ஆற அமர விரித்தாள். மேல் ஸட்ஜத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். அங்கிருந்து வழுக்கிக்கொண்டு பாட்டுக்குள் இறங்கியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பின்வரிசையில் இருந்த ஐயா சொன்னார்: “இவ்வளவு காசைக் கொட்டிப் பழக்கினது வெள்ளைக்காரன்ர கூத்தை வாசிக்கவோ?” சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

முன்வரிசையில் பிள்ளையின் பள்ளிக்கூட ஆசிரியர்கள் இருந்தார்கள். வர்ணம் முழுக்க நிகழ்ச்சி நிரலைப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் இந்தப் பாட்டுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வர்ணத்தில் அவள் பட்ட பாட்டில் பாதிகூட இதற்குப் படவில்லை.

ஆனாலும் என் கோபம் ஐயா மீதுதான். அந்தப் பாட்டிலேயே சித்தார் இருக்கிறது. முந்திய வருடம் பீற்றில்ஸின் ஜோர்ஜ் ஹரிசன் ‘நோர்வீஜியன் வூட்’டில் சித்தார் வாசித்திருந்தார். அந்தச் சூடு ஆறமுன்னர் ஸ்ரோன்ஸின் பிரையன் ஜோன்ஸும் அதைக் கையில் எடுத்தார். நம் பக்கத்துச் சத்தத்தை அவர்கள் எங்களிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பிள்ளை திருப்பி எடுத்தால் மட்டும் குற்றமா?

ஐயா யாழ்ப்பாணத்தவர் என்பதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிப்பித்த வி. லக்ஷ்மிநாராயணாவின் குடும்பம் 1958 கலவரத்தோடு இந்தியா போனது. அவருடைய மகன் எல். சங்கர் 1970களில் ஜாஸ் கிற்றார்க்காரர் ஜோன் மக்லாக்லினின் ‘சக்தி’ குழுவில் ஸாகிர் ஹுசைனின் தபேலாவுக்கும் விக்கு விநாயக்ராமின் கடத்துக்கும் நடுவில் இருந்து வயலின் வாசித்தார். 1981இல் பில் கொலின்ஸின் ‘ஃபேஸ் வல்யூ’ தட்டிலும் அவருடைய வயலின் உண்டு. யாழ்ப்பாணத்துப் புழுதியில் வளர்ந்த பிள்ளையின் வில், ஜாஸுக்குள்ளும் றொக்குக்குள்ளும் அப்போதே போய்விட்டது.

இந்த நாட்டில் என்னை முழுதாகக் கட்டிப்போட்ட பாட்டு வேறு. 1982இல் கிளாஷ் குழு ‘ஸ்ரெயிற் ரு ஹெல்’ என்று ஒன்றைப் பாடியது. இரும்பாலைகள் மூடிய வட இங்கிலாந்தில் ஒதுக்கப்படும் குடியேறிகளையும், அமெரிக்கச் சிப்பாய்கள் வியற்நாமில் விட்டுப்போன பிள்ளைகளையும் பற்றிய பாட்டு அது. கால் நூற்றாண்டு கழித்து, 2007இல், அதன் தொடக்கக் கிற்றாரை அப்படியே வெட்டி எடுத்து ‘பேப்பர் பிளேன்ஸ்’ செய்தவர் எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பித் தாயோடு லண்டனுக்கு வந்து, மிச்சம் அடுக்குமாடியில் ஆளான பிள்ளை. அமெரிக்க விசாவுக்கு அலைந்த எரிச்சலில் பிறந்த பாட்டு. வெள்ளைக்காரப் பாடகன் அகதியைப் பார்த்து இரங்கிப் பாடினான். அந்த அகதியே அவன் கிற்றாரைக் கையில் எடுத்துப் பதில் சொன்னாள். துப்பாக்கி வெடிக்கிறது, கல்லாப்பெட்டி திறக்கிறது, அதுதான் பல்லவி. அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர் அந்த வெடிச்சத்தத்தை மட்டும் மாற்றிப் போட்டார்கள். விமானச் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்த எங்களுக்கு அந்த இடத்தில் எதைக் கேட்கிறோம் என்பது தெரியும். கிளாஷ் குழுவினரின் பெயர்களும் எழுதியவர்கள் பட்டியலில் இருக்கின்றன. களவு இல்லை, கணக்குத் தீர்த்த உறவு.

2009 பெப்ரவரி 8ஆம் திகதி, நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் கிராமி மேடையில் நின்றார். அதே கிழமைகளில் வன்னிப் போரில் கனகராயன்குளத்து என் சனம் வீட்டுக் கூரைத்தகரத்தையும் கழற்றிக்கொண்டு சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு என்று ஒதுங்கிக்கொண்டிருந்தது. அந்த வருடம் முடியமுன், அம்மாமார் செட்டிக்குளம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தபோது, நியூயோர்க்கில் விஜய் ஐயர் என்கிற பியானோக்காரர் ‘ஹிஸ்ரோரிசிற்றி’ தட்டை வெளியிட்டார். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பிள்ளை. அதில் எம்.ஐ.ஏ.யின் ‘கலாங்’ இருக்கிறது. சொல் ஒன்றும் இல்லை. பியானோ, பேஸ், டிறம்ஸ் மட்டும். இடதுகை ஒரே துண்டைத் திருப்பித் திருப்பி அடிக்க, வலதுகை அதை உடைக்கப் பார்க்கிறது. சொல்லை எடுத்துவிட்டால் பாட்டில் என்ன மிஞ்சும் என்பவர்கள் அதைக் கேட்கவேண்டும். இதற்கு முன்பே, 2003இல், கிற்றார்க்காரர் ஜிமி ஹென்றிக்ஸால் உலகறிந்த ‘ஹே ஜோ’வையும் அவர் இப்படித்தான் உரித்துப்போட்டு வேறு பெயரில் வாசித்திருந்தார்.

அந்தத் துணிச்சலை இங்கே சனம் காசு கொடுத்துப் போய்க் கேட்கிறது. ஜாஸ் பியானோக்காரர் பிறாட் மெல்டோ ரேடியோஹெட் பாட்டை முக்கால் மணி உருக்கினாலும் ‘கெடுத்துப்போட்டான்’ என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அசலை அறிந்தவர்களே முன்வரிசையில் இருப்பார்கள்.

எங்கட ஆக்களுக்கு மட்டும் ஏன் ‘பழைய மாதிரியே’ வேண்டும்? ஊரில் நான் கேட்ட எந்தப் பாட்டும் பழைய மாதிரி இருந்ததில்லை. தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்துக் கசற் கேட்போம். சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் மோட்டர் தளரும். எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் தடித்து அரைக்கட்டை இறங்கும், தாளம் இழுபடும். அடுத்தவன் வந்து பிடித்தால் பாட்டு மறுபடி ஏறும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சுருதி. அந்தப் பாட்டுகளை லண்டனில் சீடியில் கேட்டபோது எனக்கு அவை பாதிப் பாட்டாகத்தான் பட்டன.

ஜாஸ் மேடையில் நடப்பதை முதலில் பார்த்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. புதூர் நாகதம்பிரான் பொங்கல் இரவில் மேளச்சமா கேட்டவனுக்கு எப்படித் தெரியும்? ராகம் வாசித்து, கீர்த்தனை வாசித்து, தவில்காரர் இருவரும் மாறிமாறி அடித்து ஓய, சாமம் கடந்து ஒரு சினிமாப் பாட்டைத் தொடுவார் நாதஸ்வரக்காரர். முதல் அடியைச் சனம் கண்டுபிடித்து ஆரவாரிக்கும். இரண்டாம் முறை அந்த அடி அங்கே இருக்காது. ராகத்துக்குள் போய்விடும். எங்கே திரும்பி வரும் என்று கிழவிகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். வந்ததும் தவில் ஒரு தீர்மானம் வைக்கும். நியூயோர்க்கில் விஜய் ஐயர் செய்வதும் இதுதான். லண்டன் கிளப்பில் பதினொன்றரைக்குப் பில் மேசைக்கு வந்துவிடும். ஊரில் விடியும்வரை ஒருவரும் எழும்பச் சொல்லமாட்டார்கள்.

அப்படியான சமாக்களுக்குப் பின்வரிசை ஐயாவும் சின்ன வயதில் பாய் போட்டு இருந்தவர்தான். மண்டபத்து வாசலில் அவரிடம் அதைக் கேட்டேன். “அது எங்கட பாட்டெல்லோ தம்பி” என்றார். ஸ்ரோன்ஸ் பாட்டும் அந்தப் பிள்ளைக்கு அவளுடைய பாட்டுத்தான், ஐயா. அவள் பிறந்தது நோர்த்விக் பார்க் ஆஸ்பத்திரியில்.