காடிக்கு ஒரு முன்கண்ணாடி

தோட்டத்துச் செம்மண் சாலையில் காடி ஓட்டியவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்தால், ஓரங்கட்டி நின்று வழிவிடுவதே நல்லது. அன்று எனக்கு அவசரம், நிற்கவில்லை.

என்னுடையது 1977-ஆம் ஆண்டு டட்சன் 120ஒய். அப்பா கிராணியாக இருந்தபோது வாங்கியது. 'அதை விற்றுத் தலைமுழுகுங்கள்' என்று என் மனைவி சொல்லாத மாதமில்லை. எனக்குத்தான் மனம் வரவில்லை.

அன்று முன் சீட்டில் பக்கத்து லயத்துப் பாட்டி இருந்தார். இரத்தம் சுத்திகரிக்க மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாள். லோரிச் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்தது. 'டப்' என்று ஒரே சத்தம். முன்கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. சாலையே தெரியவில்லை. பக்கத்துச் சன்னல் வழியாகத் தலையை நீட்டித்தான் பிரேக் போட்டேன். கையில் துணியைச் சுற்றி ஓர் ஓட்டை குத்தினேன். கண்ணாடி கற்கண்டு கற்கண்டாகப் பாட்டியின் மடியில் கொட்டியது.

"காடிக்கு ஒண்ணும் ஆகலையே வாத்தியாரே?" என்று கேட்டார் அவர். பின்னால் வந்த வேன்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டதால் அன்றைய சிகிச்சை தவறவில்லை. தவறியிருந்தால்? அதை நினைத்து இரண்டு இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

இவ்வளவு பழைய காடிக்குப் புதுக் கண்ணாடி அக்கம்பக்கத்தில் கிடைக்கவில்லை. நண்பரின் வேனில் ஈப்போவுக்குப் போய், பழைய காடிகளை வெட்டிப் பிரித்து விற்கும் 'பொத்தோங்' கடையில் விசாரித்தேன். தவுக்கே இரண்டு கண்ணாடிகளைக் காட்டினார். ஒன்று 90 வெள்ளி, மற்றது 180. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருந்தன. 90 வெள்ளியை எண்ணி எடுத்தும்விட்டேன். அப்போதுதான் மூலையில் இருந்த சிறிய எழுத்து கண்ணில் பட்டது: 'டெம்பர்ட்'. அதாவது, சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து இறுக்கிய கண்ணாடி. என் பழைய கண்ணாடியும் இதே சாதிதான். உடைந்தால் முழுவதுமாக நொறுங்கும். மற்றதில் 'லேமினேட்டட்' என்று இருந்தது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. கல் பட்டால் சிலந்தி வலைபோல் கீறல் விழும். சில்லுகள் படலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பாதையும் ஓரளவு தெரியும். எழுத்து அழிந்துபோயிருந்தால் விளிம்பைப் பாருங்கள், இரண்டு அடுக்கு தெரியும்.

பணத்தை மறுபடி எண்ணினேன். கொடுக்குமுன் கண்ணாடியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். வைப்பர் தேய்த்த வளைந்த கோடுகளை நகத்தால் தடவினேன். நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் வேண்டாம். இரவில் எதிர்விளக்கு பட்டால் கண் கூசும். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் விரிசல் அங்கிருந்துதான் ஓடும். படலம் பிரிந்து ஓரம் பால்போல் மங்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள். தவுக்கே பொறுமையாகத்தான் இருந்தார், ஆனால் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

வேனில் கண்ணாடியைப் படுக்கவைக்காமல், போர்வை சுற்றி நிமிர்த்தி நிறுத்திக் கொண்டுவந்தோம். ஓய்வுபெற்ற தோட்டத்து மெக்கானிக் ஒருவர் மாட்டிக் கொடுத்தார். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, அதன் உட்பள்ளத்தில் கயிற்றை வைத்து, சவர்க்காரத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து அவர் உள்ளங்கையால் தட்ட, நான் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுத்தேன். ரப்பரின் உதடு தகரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பார்க்க அழகான வேலை!

இதில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். "ரப்பர் புதுசா வாங்குங்க சார்" என்று அவர் எவ்வளவோ சொன்னார். 180 கொடுத்த வயிற்றெரிச்சலில் பழைய ரப்பரையே போடச் சொன்னேன். முதல் மழைக்கே கால்மிதியில் குளம் கட்டியது. மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்கள் ஊறிப்போயின. பிறகு புது ரப்பரும் வாங்கி, அவரை மறுபடி கூப்பிட்டு, எல்லாம் முதலிலிருந்து.

போன வாரம் பாட்டியை மறுபடி அழைத்துப் போனேன். கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதுவும் உடையுமா வாத்தியாரே?"

"உடையும் பாட்டி. ஆனா உங்க மடியில கொட்டாது."

தலையை ஆட்டினார். ஆனாலும் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை சேலைத் தலைப்பால் மடியை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.