மலைநாட்டில் ஒரு சிறு பகைவன்

ஜோக் நீர்வீழ்ச்சியைப் பற்றி எழுதாத பிரயாணிகள் குறைவு. ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று நான்கு தாரைகளாகப் பிரிந்து, ஷராவதி நதி 830 அடி ஆழத்துக்குக் குதிப்பதைக் கண்டவர்கள் வீடு திரும்பியதும் பேனாவை எடுக்காமல் இருப்பது கஷ்டந்தான். ஆகையால் அருவியின் வர்ணனையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, அருவிக்குப் போகும் வழியிலுள்ள காட்டையும், அதில் கடுகிலும் சிறியதாய் ஒளிந்திருக்கும் ஒரு பகைவனையும் பற்றிச் சொல்லலாம் என்று உத்தேசம். அந்தப் பகைவன் வேறு யாருமல்ல. நாய் வளர்க்கும் வீடுகளில் எல்லாரும் அறிந்த உண்ணிதான்.

சிவமொக்காவிலிருந்து ரயில் ஏறினால், சாகரைக் கடந்து தாளகுப்பா வரையில் போகலாம். வழியெல்லாம் பாக்குத் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் அடர்ந்த காடு. மலைநாடு என்று கன்னடியர் அருமையாக அழைக்கும் பிரதேசம் இது. பாக்கு மரத்தின் வேருக்குத் தழை போட வேண்டும். அடுப்புக்கு விறகு வேண்டும். மாடு மேய வேண்டும். மூன்றுக்கும் ஜனங்கள் காட்டுக்குத்தான் போகிறார்கள். மனிதன் போனால் மாடும் போகிறது. மாடு போனால் நாயும் வாலை ஆட்டிக்கொண்டு பின்தொடர்கிறது.

இதே ஜில்லாவில், சொரப தாலுகாவில், கியாசனூர் என்ற காடு இருக்கிறது. 1957-ஆம் வருஷத்தில் அங்கே குரங்குகள் கும்பல் கும்பலாகச் செத்து விழுந்தன. சுற்றுப்புறக் கிராமத்தாருக்கும் கடுமையான ஜ்வரம் கண்டது. புனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் வந்து ஆராய்ந்ததில், ஒரு புதிய வைரஸும், அதைச் சுமந்து திரியும் காட்டு உண்ணியும் அகப்பட்டன. உலக வைத்திய நூல்களில் கியாசனூரின் பெயர் ஏறியது இவ்விதந்தான். ஊரார் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'மங்கன காயிலெ', அதாவது குரங்கு நோய்.

இந்த ஜ்வரம் கண்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரையில் இறந்து போகிறார்கள். நோயை நேரே அழிக்கும் மருந்து கிடையாது. நெடுநாள் போட்டு வந்த தடுப்பூசி போதிய பலன் தரவில்லை என்று 2022-இல் நிறுத்தப்பட்டது. 2018 டிசம்பரில் தொடங்கி மறு வருஷக் கோடை வரையில், ஜோக்குக்கு அருகிலுள்ள அரளகோடு கிராமங்களில் இந்நோய் பல உயிர்களை வாங்கியது. ஆக, உண்ணி கடிக்காமல் பார்த்துக் கொள்வதே இங்கே முதல் வைத்தியம்.

உண்ணி பறக்காது, குதிக்காது. புல் நுனியிலும் சருகிலும் முன்கால்களை நீட்டிக்கொண்டு, யாராவது உரசிக்கொண்டு போவார்களா என்று காத்திருக்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால். அடுத்த பருவத்திலிருந்து எட்டு. ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை வயிறு புடைக்க இரத்தம் குடித்துவிட்டு உதிர்ந்துவிடும். குரங்கு செத்தால் அதன் உடம்பிலிருந்த உண்ணிகள் அவ்விடத்திலேயே இறங்கிவிடுகின்றன. செத்த குரங்கின் அருகே போகாதே, அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்பு என்று எச்சரிப்பது அதனால்தான்.

சாகருக்கு அருகே ஒரு தோட்டத்து வீட்டில் நாங்கள் கண்ட வழக்கம் மிகவும் மெச்சத் தக்கது. மாலையில் காட்டிலிருந்து திரும்பியதும் நாயை உள்ளே விடுவதில்லை. வீட்டுப் பாட்டியம்மாள் திண்ணையில் முள்வாங்கியுடன் உட்கார்ந்து விடுகிறாள். "மொதலு நாயி, ஆமேலெ நாவு" என்று சிரிக்கிறாள். முதலில் நாய், பிறகுதான் நாம் என்று அர்த்தம்.

காதின் உட்புறம், கழுத்துப் பட்டையின் அடி, கால் விரல்களின் இடுக்கு, அக்குள், தொடையிடுக்கு, வாலடி ஆகிய இடங்களை முடியை விலக்கிப் பார்க்க வேண்டும். உண்ணி கண்டால், முள்வாங்கியால் அதன் தலையை, தோலை ஒட்டினாற்போல் பற்றி, திருகாமல், நிதானமாக நேரே இழுக்க வேண்டும். வயிற்றைப் பிடித்து நசுக்கலாகாது. மண்ணெண்ணெய் ஊற்றுவதும், பீடி நெருப்பால் சுடுவதும் பழைய பழக்கங்கள். அவற்றால் நாயின் தோல்தான் புண்ணாகும். துன்புற்ற உண்ணி தன் எச்சிலைக் கடிவாயிலேயே கக்கவும் கூடும். எடுத்ததை நகத்தால் நசுக்காமல், மூடியுள்ள சீசாவில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போட வேண்டும். பிறகு கடித்த இடத்தையும் கையையும் சோப்பினால் கழுவிவிட வேண்டும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். குரங்கு நோய்க்கு நாயைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. நம் ஊர் நாய்களின்மேல் சாதாரணமாகக் காணும் பழுப்பு உண்ணி வேறு ஜாதி. காட்டுக்குப் போகாத பட்டணத்து நாயையும் அது விடுவதில்லை. சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் சுத்தம் செய்துவிட்டு வீட்டை மறந்தால் பத்து நாளில் பழைய கதைதான். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து, வெடிப்புகளைப் பூசி அடைப்பது அவசியம். அந்த உண்ணியால் நாய்க்கே இரத்தத்தைக் கெடுக்கும் ஜ்வரங்கள் வருகின்றன. தீனியை வெறுத்துச் சோர்ந்து, ஈறு வெளுத்துக் கிடந்தால் கால்நடை வைத்தியரிடம் தாமதமின்றிக் கொண்டு போக வேண்டும். உண்ணியைத் தடுக்கும் சொட்டு மருந்து, மாத்திரை, கழுத்துப் பட்டை எல்லாம் அவரிடம் கேட்டே உபயோகிக்க வேண்டும். நாய்க்குரிய பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு விஷம் என்பதையும் மறக்கலாகாது.

காட்டுக்குப் போகும் மனிதர்கள் உடம்பை மூடும் ஆடை அணிந்து, கால்சட்டையின் ஓரத்தைக் காலுறைக்குள் செருகி, விரட்டும் தைலம் பூசிக்கொள்கிறார்கள். திரும்பியதும் உடைகளை வெந்நீரில் போட்டுக் குளித்துவிடுகிறார்கள். டிசம்பர் முதல் மே வரையில் இந்த ஜாக்கிரதை மிகவும் வேண்டும்.

இது கன்னட நாட்டுச் சமாசாரந்தானே என்று நாம் அலட்சியமாய் இருப்பதற்கில்லை. 2012, 2013-ஆம் வருஷங்களில் பந்திப்பூரிலும் நீலகிரிப் பக்கத்திலும், பிறகு வயநாட்டிலும் இந்நோயின் தடம் தென்பட்டது. காட்டுக்கு எல்லைக் கல் ஏது? பெரிய ஆஸ்பத்திரிகளும் ஆராய்ச்சி சாலைகளும் செய்ய வேண்டிய காரியங்கள் அநேகம் உண்டு. அவை நடக்கும் வரையில், மாலை வேளையில் வாசற்படியில் கால் நாழிகை உட்காரும் பொறுமைதான் நம் கையிலுள்ள பாதுகாப்பு.