பெரியம்மாவின் வெண்ணெய்த் துவையல்

துவையலில்தான் எத்தனை வகை! தேங்காய், பருப்பு, பீர்க்கங்காய்த் தோல், பிரண்டை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் வெண்ணெய்ப் பழத்தில் துவையல் என்றால், "அப்படியும் ஒன்று உண்டா?" என்றுதான் கேட்பீர்கள். ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் என் பெரியம்மா அதை நாற்பது வருஷமாக அரைத்து வருகிறாள்.

பெரியம்மா பிறந்தது பழனி மலையின் கீழ்ச் சரிவில், தாண்டிக்குடியில். அங்கே காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வெண்ணெய்ப் பழ மரங்கள் நிற்கும். பக்கத்துத் தடியன்குடிசையில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் 'டி.கே.டி. 1' என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. பெரியப்பாவுக்கு விமானப்படை நிலையத்தில் உத்தியோகம். ஆகவே பெரியம்மா முத்தாபுதுப்பேட்டைவாசி ஆனாள்.

ஆடி பிறந்தால் ஊரிலிருந்து பழக்கூடை வரும். அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஆசையோடு கொடுத்தனுப்புவாள். "என்ன அக்கா இது, சோப்பைத் தின்கிற மாதிரி இருக்கிறதே!" என்று ஒருத்தி சிரித்துவிட்டாள். அன்றோடு கொடுப்பது நின்றது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையலறையில் தனியாக உட்கார்ந்து அந்தத் துவையலைத் தொட்டுக்கொள்வாள். விடுமுறைக்குப் போகும் எனக்கு மட்டும் அதில் பங்கு உண்டு, பாடமும் உண்டு.

பாடம் இதுதான். இந்தப் பழம் மரத்தில் கனியாது. பறித்த பிறகே கனியும். ஆகவே காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வையுங்கள். காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக நெகிழ வேண்டும். இரண்டு பழத்துக்கு, இரண்டு பச்சை மிளகாய், நாலைந்து சின்ன வெங்காயம், ஒரு பிடி கொத்தமல்லி, உப்பு. இவற்றை முதலில் அம்மியில் நசுக்குங்கள். அப்புறம் பழத்தின் சதையை வழித்துப் போட்டு, ஒன்றிரண்டாக மசியுங்கள். அரை மூடி எலுமிச்சம் பழம் பிழிந்தால் தீர்ந்தது வேலை. தாளிப்பு வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் பழம் கசக்கும். எலுமிச்சை ருசிக்காக மட்டும் அல்ல. காற்றுப் பட்டால் கறுத்துப்போகும் பழத்தை, அந்தப் புளிப்புத்தான் சற்று நேரம் பசுமையாகக் காக்கிறது. சப்பாத்திக்கும் தயிர் சாதத்துக்கும் இதைப் போல் துணை இல்லை.

போன வருஷம் பெரியம்மாவுக்கு மருமகள் வந்தாள். அம்பத்தூரில் உத்தியோகம் பார்க்கும் பெண். ஒரு நாள், "அத்தை, ஓட்டலில் குவாக்கமோலே என்று ஒன்று சாப்பிட்டேன். வீட்டில் செய்து பார்ப்போமா?" என்று சாமான்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெரியம்மா பேசாமல் உள்ளே போய் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அத்தை, இதேதான்! இத்தனை நாள் ஏன் எங்களுக்குப் போடவில்லை?"

"யாரும் கேட்கவில்லையே, அம்மா."

அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

'குவாக்கமோலே' என்பது மெக்ஸிகோ நாட்டின் நாவாட்டல் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. 'அவாகாட்டல்' என்றால் வெண்ணெய்ப் பழம். 'மோல்லி' என்றால் சாந்து. அந்நாட்டுப் பெண்கள் மூன்று கால் வைத்த கல்லுரலில் மிளகாயை முதலில் நசுக்கி, பிறகுதான் பழத்தைச் சேர்ப்பார்கள். மிளகாய் அங்கிருந்து போர்த்துகீசியர் மூலம் நம்மிடம் வந்தது. வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் ஸ்பானியரோடு கடல் தாண்டி அங்கே போயின. ஆகவே, "எல்லாம் எங்களுடையது" என்று நாம் மார்தட்ட வேண்டியதில்லை. கல்லும் கையும் இருந்த இரண்டு அடுக்களைகள், ஒன்றை ஒன்று அறியாமலே ஒரே பக்குவத்தைக் கண்டிருக்கின்றன. அவ்வளவுதான்.

ஆனால் வீட்டுப் பெண் அரைத்தால் சோப்பு, ஓட்டலில் பெயர் சூட்டினால் விருந்து என்பது என்ன நியாயம்? உங்கள் வீட்டிலும் மாமியாரோ பாட்டியோ, எல்லோரும் எழுந்த பிறகு தனியாகத் தொட்டுக்கொள்ளும் பண்டம் ஏதாவது இருக்கும். இன்றைக்கே கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், சகோதரிகளே. பக்கத்தில் உட்கார்ந்து, அளவையும் எழுதிக்கொள்ளுங்கள்.